வயலில் எழும் வாயுவும் நாட்டின் கணக்கும்

நிலத்தை அளப்பதும், அதன் விளைவைக் கணக்கெழுதி வைப்பதும் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. இராசராச சோழன் காலத்தில் நாட்டின் நிலங்கள் அளக்கப்பட்டன. அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்றே பெயர் வழங்கிற்று. வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழுள்ள நுண்ணிய பின்னங்கள் வரையில் கல்லில் கணக்குப் பொறித்தார்கள். பிற்காலத்தில் கிராமக் கணக்குப்பிள்ளை எந்த நிலத்தில் என்ன பயிர், எத்தனை போகம், எந்தப் பாசனம் என்பனவற்றை அடங்கலில் பதிந்து வந்தார். 1980-ஆம் ஆண்டில் அந்தப் பரம்பரைப் பதவி தமிழ்நாட்டில் நீக்கப்பட்டது. ஆனால் அடங்கல் நீங்கவில்லை.

இந்தக் கணக்குகள் அனைத்தும் நிலத்திலிருந்து மனிதன் எடுத்துக்கொள்வதைப் பற்றியவை. நம் காலத்திலோ இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. நிலம் வானுக்கு எதை அனுப்புகிறது, வானிடமிருந்து எதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்னும் கணக்கு அது. கரிமக் கணக்கு என்று அதைச் சொல்கிறோம். பூமியின் வெப்பத்தை உயர்த்தும் வாயுக்கள் எந்த நாட்டில், எந்தத் தொழிலால், எவ்வளவு வெளியாகின்றன என்று கூட்டி, ஐக்கிய நாடுகளின் பருவநிலை அமைப்புக்கு ஒவ்வொரு நாடும் அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையில் ஆலைப் புகைக்கு ஓர் இடம் உண்டு. மோட்டார் வண்டிக்கு ஓர் இடம் உண்டு. நம் நெல் வயலுக்கும் ஓர் இடம் உண்டு. நெல் வயல் அந்த ஏட்டில் ஏறிய வரலாற்றை இன்று மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிறர் அளந்ததை நம்புவதற்கும், நம் நிலத்தை நாமே அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முதலில் அந்த வாயு எது என்பதைப் பார்ப்போம். நீர் நின்ற சேற்றில் கால் வைத்தால் குமிழிகள் எழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 1776-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்ட்டா, மாஜியோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளை ஒரு பாத்திரத்தில் பிடித்தார். அந்த வாயு தீப்பற்றி எரிந்தது. அதுவே இன்று மீத்தேன் எனப்படும் சதுப்பு வாயு. வயலில் நீர் தேங்கும்போது மண்ணுக்குள் பிராணவாயு தீர்ந்து போகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள், அங்குள்ள வைக்கோல், வேர், தழையுரம் ஆகியவற்றின் கரிமப் பொருளைச் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயுவின் ஒரு பகுதி குமிழியாக மேலே வரும். பெரும் பகுதியோ நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகப் புகைபோக்கியில் செல்வது போல வெளியேறும். எஞ்சியதை மண்ணின் மேற்பரப்பிலும் வேரைச் சுற்றியும் வாழும் வேறு நுண்ணுயிர்கள் உண்டு தீர்த்துவிடும்.

இந்தச் செய்திகளுள் ஒரு பகுதி நம் நாட்டிலேயே, அதுவும் நம் மாகாணத்திலேயே, மிக முன்னதாகக் கண்டறியப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. நான் வாழும் கோபாலபுரத்திலிருந்து சில மைல் தெற்கே இருப்பது சைதாப்பேட்டை. அங்கே 1868-ஆம் ஆண்டில் தோன்றிய விவசாயப் பள்ளியே 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, விவசாயக் கல்லூரியாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. அந்தக் கோயம்புத்தூர் நிலையத்தில் டபிள்யூ. எச். ஹாரிசன் என்னும் ஆங்கிலேய இரசாயன அறிஞரும், அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல் வயல் மண்ணின் வாயுக்களை ஆராய்ந்தார்கள். 1913-ஆம் ஆண்டு தொடங்கி அவர்களுடைய கட்டுரைகள் இந்திய விவசாய இலாகாவின் வெளியீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1920-இல் வெளிவந்த ஒரு பகுதியில், மீத்தேனை உண்டு வாழும் ஒரு நுண்ணுயிரை நெல் மண்ணில் கண்டதைச் சுப்பிரமணிய ஐயர் தம் பெயரிலேயே எழுதினார்.

அவர்கள் கேட்ட கேள்வி பருவநிலையைப் பற்றியதன்று. காற்றே புகாத சேற்றில் நெல்லின் வேர் எவ்வாறு உயிர் வாழ்கிறது என்பதே அவர்களுடைய வினா. மண்ணுக்குள் சேரும் வாயுவைப் பிடித்துப் பார்த்தபோது மீத்தேனும் நைட்ரஜனும் அதில் மிகுந்திருந்தன. கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் குறைவாக இருந்தன. பயிர் நிற்கும் மண்ணில் இருந்ததைவிடப் பயிரில்லாத மண்ணில் மீத்தேன் மிகுதியாக இருந்தது. மண்ணின் மேல் படியும் மெல்லிய பாசிப் படலத்தில் மீத்தேன் கரியமில வாயுவாக மாறுவதையும், பாசி அதனை உண்டு பிராணவாயுவை விடுவதையும், அந்தப் பிராணவாயு வேருக்குப் பயன்படுவதையும் அவர்கள் எடுத்துரைத்தார்கள். பயிருக்காகச் செய்த அந்த ஆராய்ச்சியை, உலகின் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

வயலிலிருந்து வானத்துக்குக் கேள்வி திரும்பியது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். 1963-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி கோயாமா, தம் நாட்டு மண்ணைச் சோதனைச்சாலையில் வைத்துச் சோதித்து, உலகின் நெல் வயல்கள் ஆண்டுக்கு 19 கோடி டன் மீத்தேனை வெளியிடலாம் என்று மதிப்பிட்டார். 1970-களில் மீத்தேனும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு என்பது தெளிவாயிற்று. 1981-இல் கலிபோர்னியாவிலும், பின்னர் இத்தாலியின் வெர்செல்லிப் பகுதியிலும் நேராக வயலிலேயே அளவெடுத்தார்கள். காற்றில் மீத்தேன் பெருகி வருவதும் கண்கூடாயிற்று. 1750-ஆம் ஆண்டளவில் நூறு கோடி பங்கு காற்றில் ஏறத்தாழ 730 பங்காக இருந்த மீத்தேன், 2019-இல் 1,866 பங்காயிற்று. ஒரு டன் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தை விளைவிக்கும் என்றும் கணித்தார்கள். ஆதலால் இதனை அற்பமென்று தள்ள இயலாது.

இவ்வாறிருக்க, 1990-ஆம் ஆண்டை ஒட்டி உலக நாடுகள் பருவநிலை உடன்படிக்கை ஒன்றைச் செய்ய முனைந்தன. உடன்படிக்கை என்றால் பொறுப்பைப் பங்கிட வேண்டும். பங்கிடுவதற்கு முன் யார் எவ்வளவு வெளியிடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். நெல் விளையும் நாடுகளில் அளவெடுத்த விவரங்கள் அப்போது மிகச் சிலவே. எனவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில வயல்களில் கண்ட அளவை ஆசியாவின் பரப்பால் பெருக்கிவிட்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தியாவின் நெல் வயல்கள் மட்டும் ஆண்டுக்கு 3 கோடியே 78 இலட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாகக் குறிக்கப்பட்டது. அக்காலத்தில் நம் நெற்பரப்பு ஏறத்தாழ 4.2 கோடி ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு ஹெக்டேரும் ஆண்டுக்கு 900 கிலோ மீத்தேனை விடுவதாகப் பொருள்படும்.

அதே சமயத்தில் வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிலையம் வெளியிட்ட 1990-91 அறிக்கை, உலகின் வெப்பத்திற்குப் பெரிதும் காரணமான முதல் ஐந்து நாடுகளில் இந்தியாவையும் சேர்த்தது. புது டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் ஒரு சிறு நூலை எழுதி இதனை மறுத்தார்கள். பிழைப்புக்காக நெல் பயிரிடும் விவசாயியின் வயலிலிருந்து எழும் வாயுவையும், செல்வ நாட்டின் மோட்டார் வண்டியிலிருந்து எழும் வாயுவையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியா என்று கேட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் நிலைமை வேறாகத் தோன்றும் என்பதும் அவர்கள் வாதம்.

வாதம் வலிமையானதுதான். ஆயினும் ஓர் எண்ணை மறுப்பதற்கு வாதம் மட்டும் போதாது. இன்னோர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தேடி, தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலையைச் சேர்ந்த டாக்டர் ஏ. பி. மித்ராவின் தலைமையில் 1991-ஆம் ஆண்டில் நாடு தழுவிய மீத்தேன் அளவீட்டு இயக்கம் ஒன்று நடந்தது. பல ஆராய்ச்சி நிலையங்கள் அதில் பங்கு கொண்டன. அளக்கும் முறை எளிமையானது. அடிப்புறம் திறந்த கண்ணாடி போன்ற பெட்டி ஒன்றை நெற்பயிரின் மேல் கவிழ்ப்பார்கள். கால் மணிக்கு ஒரு முறை போல, உள்ளே சேரும் காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுப்பார்கள். பின்னர் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியில் அதைச் செலுத்தி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மீத்தேன் கூடியது என்று காண்பார்கள். நடவு முதல் அறுவடை வரையில், மேட்டு நிலம், பள்ள நிலம், ஆற்றுப் பாசனம், வானம் பார்த்த பூமி எனப் பலவகை வயல்களிலும் இதனைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அறிவு நுட்பத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டப்படும் வேலை அது.

விடை என்ன? இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறத்தாழ 40 இலட்சம் டன் என்று தெரியவந்தது. முதலில் சொல்லப்பட்டதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே அது. ஹெக்டேருக்கு 900 கிலோ என்ற கணக்கு 95 கிலோவாகக் குறைந்துவிட்டது. உலகின் நெல் வயல்கள் அனைத்துக்கும் சேர்த்து 11 கோடி டன் என்று 1990-இல் கூறிய சர்வதேசப் பருவநிலைக் குழுவும், 1992-இல் அதை 6 கோடி டன்னாகத் திருத்திக்கொண்டது.

வேறுபாட்டுக்குக் காரணம் நம் வயல்களிலேயே இருக்கிறது. இத்தாலிய வயலில் பருவம் முழுவதும் நீர் தேங்கி நிற்கும். நம் நாட்டிலோ பெரும்பரப்பு மழையை நம்பிய நிலம். இடையிடையே நீர் வற்றி மண் வெடிக்கும். வெடிப்பு வழியே காற்றுப் புகுந்தால் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடுகின்றன. மேலும், வெப்ப நாட்டு மண்ணில் கரிமப் பொருள் குறைவு. நீரும் மண்ணும் வேறானால் வாயுவின் அளவும் வேறாகும் என்பதைப் பெருக்கல் வாய்பாடு அறியாது. வயலில் இறங்கி அளந்தவன்தான் அறிவான்.

அந்த அளவீடுகளின் மேல்தான் இன்றைய அறிக்கைகள் எழுந்திருக்கின்றன. 1992-இல் ரியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை 1994-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியா 2004-இல் தன் முதல் தேசிய அறிக்கையை அளித்தது. 1994-ஆம் ஆண்டுக்கான அந்தக் கணக்கில் நெல் வயல் மீத்தேன் 40 இலட்சத்து 90 ஆயிரம் டன். கால்நடைகளின் வயிற்றில் உண்டாகும் மீத்தேன் ஏறத்தாழ 90 இலட்சம் டன். 2007-ஆம் ஆண்டுக்கான கணக்கு 2010-இல் வெளிவந்தபோது நெல்லின் பங்கு 33 இலட்சம் டன்னாகக் குறிக்கப்பட்டது.

அறிக்கையில் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். நெல் நிலங்களை நீர் நிற்கும் விதத்தால் முதலில் வகை பிரிப்பார்கள். ஒவ்வொரு வகைக்கும் வயலில் அளந்து கண்ட ஒரு சராசரி அளவு உண்டு. இந்தியக் கணக்கின்படி, பருவம் முழுதும் நீர் தேங்கும் பாசன வயல் ஹெக்டேருக்கு 162 கிலோ மீத்தேன் விடும். ஒரு முறை காயவிட்ட வயல் 66 கிலோ. பல முறை காயவிட்ட வயல் 18 கிலோ. பரப்பை இந்த அளவால் பெருக்கி, எல்லா வகைகளையும் கூட்டினால் நாட்டின் தொகை கிடைக்கும். அதை 28-ஆல் பெருக்கினால் கரியமில வாயுவுக்கு நிகரான எடை வரும். ஓயாது நீர் நிற்கும் ஒரு ஹெக்டேருக்கு அது 4,536 கிலோ; பல முறை காய்ந்த ஹெக்டேருக்கு 504 கிலோ. வித்தியாசம் நான்கு டன்.

'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' நீர் விட வேண்டும் என்று நம் விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நீரைச் சிக்கனப்படுத்தவும், வேர் ஊன்றவும் சொன்ன சொல் அது. இன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதே முறைக்கு ஓர் எளிய கருவியைக் கூறுகிறது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி நீர் பாய்ச்ச வேண்டும் என்பதே அது. எனினும் இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு கூடலாம். அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வலிமை உடையது. ஆகவே ஒன்றை மட்டும் அளந்துவிட்டு மற்றொன்றை விட்டால் கணக்கு பொய்த்துப் போகும். இரண்டாவதாக, நீரைக் காயவிடும் உரிமை எல்லா விவசாயிக்கும் இல்லை. முறைப் பாசனத்தில் அடுத்த தண்ணீர் என்று வருமென்று அறியாதவன் வந்த நீரைத் தேக்கித்தான் வைப்பான். வடகிழக்குப் பருவமழையில் நாகப்பட்டினத்துத் தாழ்ந்த வயலில் நிற்கும் நீரை எவராலும் வடிக்க இயலாது.

இக்கணக்கில் செலவு மட்டுமின்றி வரவும் உண்டு. மரங்களும் மண்ணும் கரியமில வாயுவை ஈர்த்து வைக்கின்றன. 2024 டிசம்பரில் இந்தியா அளித்த அறிக்கையின்படி, 2020-ஆம் ஆண்டில் காடும் பிற நிலங்களும் ஏறத்தாழ 52 கோடி டன் கரியமில வாயுவை ஈர்த்தன. இங்கும் சொல்லின் பொருளை நோக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரநிழல் இருந்தால், தோப்பாயினும் தோட்டமாயினும் இந்திய வன அளவைத் துறை அதைக் காட்டுப் பரப்பில் சேர்க்கிறது. இலக்கணம் மாறினால் தொகையும் மாறும். நிலத்தின் பயன் மாறுவதும் இக்கணக்கில் ஒரு பதிவே. எங்கள் கோபாலபுரத்துக்கு மேற்கே ஒரு காலத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகரம் எழுந்தது. அன்று நீர்ப்பரப்பு வீட்டுமனையானதைக் கரிமக் கணக்கில் எழுத எவரும் இல்லை. இன்று அப்படி ஒன்று நேர்ந்தால் அதற்கு ஏட்டில் இடம் உண்டு.

அந்த 2024 அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1994-இல் நாட்டின் மொத்த வாயு வெளியீட்டில் விவசாயத்தின் பங்கு 28 சதவீதம். 2020-இல் அது 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வயலும் மாடும் பாதியாகிவிட்டன என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவது பன்மடங்கு பெருகியதால் விவசாயத்தின் பங்கு சிறுத்துத் தோன்றுகிறது. சதவீதத்தைப் படிக்கும்போது மொத்தத் தொகையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நாமே அளந்து கண்ட எண் சிறியது என்பதால், நமக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. 40 இலட்சம் டன் என்பதும் உண்மையான தொகைதான். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டையொட்டிப் பல நாடுகள் மீத்தேனை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பதாக உறுதி கூறியபோது இந்தியா அதில் சேரவில்லை. நெல்லும் மாடும் சிறு விவசாயிகளின் வாழ்வாதாரம் என்பதே கூறப்பட்ட காரணம். அக்காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை நிலைநிறுத்துவது தொடர்ந்த அளவீடுதான். 2024 ஜனவரியில் மத்திய விவசாய அமைச்சகம், விவசாயிகள் தாம் குறைத்த வாயுவுக்கு விலை பெறும் கரிமச் சந்தைக்கான வழிமுறையை வெளியிட்டது. விலை என்று வந்துவிட்டால் அளவு பணமாகிறது. மரக்கால் சரியாக இல்லாத களத்தில் யார் நஷ்டப்படுவார் என்பதை நெல் விற்ற எந்தக் குடும்பமும் சொல்லும். இந்தச் சந்தையிலும் மரக்கால் யார் கையில் இருக்கிறது, அதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதை விவசாயி கேட்டறிய வேண்டும்.

மாணவ நண்பர்களே! சுப்பிரமணிய ஐயர் கோயம்புத்தூரில் சேற்று வாயுவைப் பிடித்தபோது, அது உலக நாடுகளின் பேச்சுவார்த்தைக்கு உதவும் என்று எண்ணியிருக்க முடியாது. வேரைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது; அதற்கு விடை தேடி நேர்மையாக அளந்தார்; கண்டதை எழுதி வைத்தார். 1991-இல் பெட்டிகளைச் சுமந்து வயலில் இறங்கியவர்களும் அவ்வாறே அளந்தார்கள். உங்களில் சிலர் நாளை விவசாயக் கல்லூரியிலோ இரசாயனச் சோதனைச்சாலையிலோ பணி புரிவீர்கள். குறுவையும் சம்பாவும் தாளடியும் நீர்நிலைக்கும் மண்ணுக்கும் ஏற்ப எவ்வளவு வாயுவை விடுகின்றன என்பதை ஊர்தோறும் இன்னும் நுணுக்கமாக அளக்கும் வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது. அந்த வேலையைச் செய்து வையுங்கள். அப்போது நம் விவசாயியைப் பற்றி உலகில் எங்கே பேச்சு எழுந்தாலும், அவன் வயலின் கணக்கு அவன் வயலிலேயே எடுத்ததாக இருக்கும்.